வேதத்தில் (பைபிளில்) 'நித்தியம்' என்ற சொல்லைத் தேடிப் படிப்பது எப்படி?

எங்கள் வீடு களியக்காவிளையில். மாமி, அதாவது என் மாமியார், எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக்காரி. ராத்திரி ஜெபத்தில் என் கையில் தமிழ் வேதபுத்தகம், மாமி கையில் மலையாளம். ஒருநாள் பிரசங்கி 3:11 வந்தது. "உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்" என்று நான் வாசித்தேன். மாமியின் புத்தகத்திலோ "நித்யதயும் அவருடெ ஹ்ருதயத்தில்" என்று இருக்கிறது!

"இதுல யாருக்க புத்தகம் மக்களே தப்பு?" என்று மாமி கேட்டார்.

ரெண்டும் தப்பில்லை. எப்படி என்று பார்க்கத்தான் இந்தப் பாடம்.

வேண்டியவை: பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, 1995-இல் வந்த திருவிவிலியம், மலையாளம் வாசிக்கத் தெரிந்தால் 1910-இன் சத்யவேதபுஸ்தகம். கூடவே, ஸ்ட்ராங் எண்களைக் காட்டும் இலவச மொபைல் செயலி ஒன்று. ஸ்ட்ராங் என்பது வேதத்தின் மூலமொழிச் சொற்களுக்கு வரிசை எண் போட்ட அகராதி, 1890-இல் வந்தது. எபிரெயு எழுத்து தெரியாதவர்களுக்கு அந்த எண்ணே போதும்.

முதல் படி: தமிழ்ச் சொல்லை முதலில் சந்தேகப்படுங்கள். நித்திய பூசை என்றால் தினசரிப் பூசை. தினமும் பூப்பதால் நித்தியகல்யாணி. மாமிக்கு 'நித்யச்செலவு' என்றால் அன்றாடம் மீன், காய்கறி வாங்கும் காசு. ஆக, முடிவில்லாதது என்ற ஒரே பொருள் இந்தச் சொல்லுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல.

இரண்டாம் படியில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். செயலியில் பழைய ஏற்பாட்டுக்கு 5769 என்ற எண்ணைத் தேடுங்கள். 'ஓலாம்' வரும். கண்ணுக்கு எட்டாத தூரத்துக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். இப்போது மூன்று வசனங்களைத் திறங்கள்.

யாத்திராகமம் 21:6-இல், காது குத்தப்பட்ட அடிமை எஜமானை "என்றைக்கும்" சேவிப்பான். அவனுடைய ஆயுசுதான் அதற்கு எல்லை. யோனா 2:6-இல் பூமியின் தாழ்ப்பாள்கள் "என்றென்றைக்கும்" அவனை அடைக்கின்றன. மீன் வயிற்றில் அவன் இருந்ததோ மூன்று நாள். (உள்ளே கிடந்தவனுக்கு அப்படித்தானே தோன்றியிருக்கும்!) சங்கீதம் 90:2-இல் இதே சொல் கடவுளைப் பற்றி இரண்டு முறை வருகிறது, "ஓலாமிலிருந்து ஓலாம் வரை" என்று. தமிழில் அதை "அநாதியாய் என்றென்றைக்கும்" என்று பிரித்திருக்கிறார்கள். மலையாளத்தில் "அநாதியாயும் சாச்வதமாயும்". முன்பக்கத்துக்கு ஒரு சொல், பின்பக்கத்துக்கு ஒரு சொல். எனக்கு இது மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு.

கவனித்தீர்களா, நீளம் ஓலாமில் இல்லை. அது யாரைப் பற்றி வருகிறதோ அவரைப் பொறுத்து நீள்கிறது.

பிற்கால எபிரெயுவில் இதே ஓலாமுக்கு உலகம் என்ற பொருளும் சேர்ந்தது. பிரசங்கி 3:11-இன் குழப்பம் இதுதான். தமிழ் 'உலகம்' என்று எடுத்தது, மலையாளம் 'நித்யத' என்று எடுத்தது. அந்த அதிகாரமே காலத்தைப் பற்றியது என்பதால் என் ஓட்டு மாமிக்கு.

மூன்றாம் படி, புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம். எண் 165, ஐயோன்: யுகம். மத்தேயு 28:20-இல் "உலகத்தின் முடிவுபரியந்தம்" என்று நாம் வாசிக்கும் 'உலகம்' இதுதான். இதிலிருந்து பிறந்த அடைமொழி 166, ஐயோனியொஸ். மத்தேயு 25:46-இல் நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன் இரண்டிலும் இதே சொல். ஒன்றுக்கு முடிவில்லை என்றால் மற்றதற்கும் முடிவில்லை என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஆகஸ்தீன் என்ற பிஷப் வாதாடினார். 'வரப்போகும் யுகத்துக்குரிய' என்றுதான் பொருள் என்பவர்களும் உண்டு. இந்தச் சண்டைக்குள் புதிதாகப் படிப்பவர்கள் முதல் நாளே இறங்க வேண்டாம்.

அதற்குப் பதில் யோவான் 17:3-ஐ இரண்டு தமிழிலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழையதில் "நித்தியஜீவன்", திருவிவிலியத்தில் "நிலைவாழ்வு". அந்த வசனம் வருஷக்கணக்கு எதுவும் பேசவில்லை. கடவுளை அறிவதே அந்த வாழ்வு என்கிறது. அதனால் 'நிலைவாழ்வு' எனக்கு நல்ல சொல்லாகப் படுகிறது. மாமிக்கு மட்டும் 'நித்யஜீவன்' என்று சொன்னால்தான் ஜெபம் செய்த மாதிரி இருக்குமாம்.

வீட்டுப்பாடம் ஒன்று: 1 சாமுவேல் 1:22-இல் அன்னாள் பிள்ளையை ஆலயத்தில் "எப்பொழுதும்" இருக்க விடுவேன் என்கிறாள். அங்கே 5769 வருகிறதா பாருங்கள். பிறகு 28-ஆம் வசனத்தில் அதே நேர்த்தியை அவள் எந்த வார்த்தையில் சொல்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.