ஸ்மார்ட் வாட்ச் வாங்கும் முன்: ஒரு கடிகாரக் கடைக்காரர் சொல்வது

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் எனக்கு ஒரு கடிகாரக் கடை. சாவி கொடுக்கும் கடிகாரங்களை என் தாய்மாமா பழுது பார்த்த அதே மேசை, அதே பூதக்கண்ணாடி. இன்று அந்த மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் ஸ்மார்ட் வாட்ச்தான். எல்பில், ஈவூட், டோவன்பி தோட்டங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், தீபாவளி போனஸ் கையில் விழுந்த வாரத்தில் கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, இதைக் கட்டினா பிரயோஜனம் இருக்கா?” கடையில் கூட்டம் நிற்கும்போது இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் இழுப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இப்போது 23 வாட்ச் கிடக்கின்றன. வார் அறுந்தது, சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. உண்மையில் செத்தவை ஒன்பதுதான். மற்றவற்றைச் சரிசெய்து வைத்து மாதக்கணக்கு ஆகிறது. போன் செய்தால் “அடுத்த வாரம் வரேண்ணே” என்கிறார்கள். அது கையில் இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் மட்டும் இப்படி இல்லை. மலிவு வாட்ச் குவியல் குவியலாக விற்ற இந்தியாவில் 2024-இல் ஸ்மார்ட் வாட்ச் வரத்து முந்தின ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஒன்றை வாங்கிப் பார்த்தவர்கள் இரண்டாவதைத் தேடிப் போகவில்லை.

அதனால் பட்ஜெட் எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. “தினமும் இதுகிட்ட என்ன கேக்கப் போறீங்க?” என்றுதான் கேட்கிறேன். அதற்கு ஒரு பதிலாவது தெளிவாக வந்தால் வாங்கலாம். “எல்லாரும் கட்டுறாங்க” என்று வந்தால், அடுத்த வருஷம் அந்த வாட்ச் என் இழுப்பறைக்கு வந்துவிடும்.

செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் தெளிவாகச் சொன்னார். மனைவி நிறைமாதம். மெஷின் சத்தத்தில் போன் அடிப்பது கேட்பதில்லை, மணிக்கட்டில் அதிர்ந்தால் போதும். நல்ல காரணம். ஆனால் போனை மோட்டார் கூடையில் வைத்துவிட்டு நாலு வரிசை தள்ளிப் போவது அவர் வழக்கம். புளூடூத் பத்து மீட்டர் சுற்றளவுக்குத்தான் நம்பகமாக எட்டும், நடுவே மரங்கள் இருந்தால் அதுவும் குறையும். போனை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, விலை குறைந்த ஒன்றையே கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார், பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறதாம். கழியைத் தூக்கித் தூக்கி வெட்டுகிற கை அல்லவா? கை உயரும்போதெல்லாம் திரை தானாக விழித்திருக்கிறது. அமைப்பில் போய் ‘கை தூக்கினால் திரை எரிவது’ என்பதை அணைத்தேன். இப்போது ஐந்து நாள் நிற்கிறது. தோட்ட வேலைக்காரர்கள் எந்த வாட்ச் வாங்கினாலும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

அப்புறம் உடல்நலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என் வீட்டில் நடந்த விஷயம் இது.

என் அத்தைக்கு 64 வயது, பதினோரு வருஷமாக நீரிழிவு. மகன் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 59 வெள்ளிக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்சிஜன் எல்லாம் பார்க்கலாம் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. விரலைக் குத்தாமலே சர்க்கரை தெரிகிறதே என்று அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். குளுக்கோமீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வாட்ச் தினமும் 5.8, 6.1 மில்லிமோல் என்று நல்ல அளவாகவே காட்டியது. ஆறு வாரம் கழித்து அரசாங்கக் கிளினிக்கில் குத்திப் பார்த்தபோது 18.4. கால் கட்டைவிரலில் ஆறாத புண் வேறு.

அன்று சாயங்காலம் அந்த வாட்சை மேசைக்குக் கொண்டு வந்தேன். சாப்பாட்டுக்கு வாங்கிய வெள்ளரிக்காய் ஒன்று பக்கத்தில் இருந்தது. வாரை அதில் இறுக்கிக் கட்டி அளவு பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு வெள்ளரித் தோல்மேல் மினுக்கியது. அரை நிமிடத்தில் எண் வந்தது: அழுத்தம் 118/76, சர்க்கரை 5.9. பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பச்சை விளக்கு ஒன்று, ஒளியை வாங்கும் சின்னச் சில்லு ஒன்று, அவ்வளவுதான் இருந்தது. சர்க்கரையை அளக்க அதில் ஒன்றுமே இல்லை. அந்த எண்ணை நம்பித்தான் அத்தை ஆறு வாரம் கேசரி சாப்பிட்டிருக்கிறார். இன்றுவரை என் மனசு ஆறவில்லை.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். வாழைப்பழமோ சுருட்டிய துண்டோ போதும். நாடித்துடிப்பு எண் வந்தால் மட்டும் பொய் வாட்ச் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுவதால் நல்ல வாட்ச்கூடச் சில நேரம் ஏமாறும். ஆனால் பழத்துக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டினால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை, பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

இரத்த அழுத்தம் கொஞ்சம் வேறு. சாம்சுங் வாட்சில் அந்த வசதி உண்டு, ஆனால் மேல்கையில் கட்டும் மெஷினோடு ஒப்பிட்டு 28 நாளுக்கு ஒருமுறை சரிப்படுத்த வேண்டும். ஹுவாவெய் வாட்ச் டி-யில் வாருக்குள்ளேயே காற்று ஏறும் பை இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு மலிவு வாட்ச் அழுத்தம் காட்டினால் அதை வைத்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம். நாட்டின் 2023 சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். நம் வீடுகளில் இந்த இரண்டும் இல்லாத வீடு எனக்குத் தெரிந்து குறைவு. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் மேல்கை பிரஷர் மெஷினையும் குளுக்கோமீட்டர் பட்டைகளையும் வாங்குங்கள். வாட்ச் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வாட்ச் எதை ஒழுங்காகச் செய்யும்? நாடித்துடிப்பு. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைய, திரும்பும் ஒளியும் மாறும், அதைத்தான் எண்ணுகிறது. ஓய்வில் இருக்கும்போது நன்றாகவே எண்ணும். வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வாட்ச் காட்டுவதோடு நாலைந்து வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. வாட்ச் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பச்சை குத்திய இடத்தில் ஒளி சரியாகப் போகாது, அந்தக் கையில் கட்ட வேண்டாம்.

ஆக்சிஜன் எண்ணைப் பற்றி நம் நிறத்துக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். விரலில் மாட்டும் மருத்துவமனை மீட்டரே, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் தவறவிட்டதாக 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வாட்ச் 97 காட்டுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். நெஞ்சு வலி வந்தாலும் அப்படித்தான். இசிஜி உள்ள வாட்சாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். துடிப்பு ஒழுங்கில்லை என்று அது அடிக்கடி சொன்னால், அந்தப் பதிவைப் போனில் காட்டி டாக்டரிடம் முழு இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அந்த வகையில் அது நிஜமாகவே உதவும்.

அடிகள் எண்ணுவதைச் சோதிக்க, கடைக்கு வெளியே நூறு அடி வாயால் எண்ணி நடந்து பாருங்கள். பிறகு செம்மண் சாலையில் மோட்டாரில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். சில மலிவு வாட்ச் குழியில் குதிப்பதையெல்லாம் அடியாகச் சேர்த்துக்கொள்ளும். ஒருவர் உட்கார்ந்தபடியே தினமும் எட்டாயிரம் நடந்துகொண்டிருந்தார். பத்தாயிரம் அடி என்ற கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை.

தனியாக இருக்கும் பெற்றோருக்காக வாங்குகிறவர்கள் ‘கீழே விழுந்தால் அழைக்கும்’ வசதியைக் கேட்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் போன் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது வாட்சிலேயே சிம் இருக்க வேண்டும், லைனும் கிடைக்க வேண்டும். வீட்டின் பின்கட்டிலும் குளியலறையிலும் லைன் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் இன்னும் சில. ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும், ஆண்ட்ராய்டு போனோடு சேராது. பெட்டியில் சிரிம் (தரச்சான்று நிறுவனம்), மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணைய முத்திரை இருக்கிறதா பாருங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். விற்றவர் கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், மனுவுக்கு ஐந்து வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். அந்த வழி இருப்பது தெரியாமலே நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கட்ட ஆரம்பித்த பிறகு வேர்வைதான் எதிரி. சார்ஜ் ஏறவில்லை என்று வருகிற பத்தில் ஆறு வாட்சின் பின்புறம் இரண்டு உலோகப் புள்ளிகள் பச்சை பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், வீட்டிலேயே செய்யலாம். வேலை முடிந்ததும் வாரைச் சாதாரணத் தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலும் சோப்பும் வெந்நீரும் அடைப்பைக் கெடுத்துவிடும், குளிக்கும்போது கழற்றுங்கள். தோல் சிவந்தால் இரண்டு நாள் கட்டாமல் இருங்கள்.

அத்தை இப்போது கட்டுவது அடி மட்டும் எண்ணும் சின்னப் பட்டை. சாப்பிட்ட பிறகு கோயில்வரை போய் வருவார், ஐயாயிரம் அவர் கணக்கு. சர்க்கரையைப் பழையபடி விரலில் குத்திப் பார்த்துக் கிளினிக் நோட்டில் எழுதுகிறார். புண் ஆற நாலு மாதம் ஆனது.