வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கிற பழைய மணிக்கூட்டில இருந்து தொடங்குவம்

போன கிழமை பரந்தன் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க பக்கத்தில நிண்ட பெடியன் ஒருத்தன் என்ர கையைப் பாத்திட்டு, "அண்ணை, உது ஓடுதோ?" எண்டு கேட்டான். ஓடுது. 1971ல செய்த சீக்கோ 5, பற்றரி இல்லை, கை ஆட ஆடத் தானே சாவி ஏறும். அவன்ர வீட்டிலயும் அம்மப்பான்ர மணிக்கூடு ஒண்டு பிஸ்கட் ரின்னுக்குள்ள கிடக்காம், என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். அவனுக்குச் சொன்னதையும் பஸ் வந்ததால சொல்லாம விட்டதையும் சேர்த்து இதில எழுதுறன், புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு உதவும்.

வன்னியில இப்பிடியான மணிக்கூடுகள் பாவிச்சபடியே மிஞ்சினதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1969 மார்கழியில சீக்கோ முதலாவது குவாட்ஸ் (பற்றரியில ஓடுற) கைமணிக்கூட்டை வித்தது, அதுக்குப் பிறகு கொஞ்ச வருசத்துக்குள்ளயே உலகம் பற்றரிக்கு மாறி சுவிசில கனக்க கொம்பனியள் இழுத்து மூடப்பட்டுது. எங்கட பக்கம் 1990ல பொருளாதாரத் தடை வந்து பற்றரியும் தடைச் சாமானுக்குள்ள போச்சு. றேடியோ கேக்கிறதுக்கே சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தின காலம் அது, பற்றரி மணிக்கூடு நிண்டா நிண்டதுதான். சாவி குடுக்கிற மணிக்கூடும், என்ர மாதிரித் தானே சாவி ஏறுற ஓட்டோமற்றிக்கும் வைச்சிருந்த ஆக்கள் அதைக் கழட்டாமக் கட்டினவை, பழுதானா திருத்தித் திருத்திக் கட்டினவை. அதாலதான் இஞ்ச சேகரிக்கத் தொடங்கிற ஒருத்தர் கடைக்குப் போக முதல் வீட்டைத் தேடோணும் எண்டு சொல்லுறன்.

படி 1: வீட்டில தேடுங்கோ, கதையையும் கேட்டு எடுங்கோ

அலுமாரி, றங்குப்பெட்டி, தையல் மெஷின் லாச்சி, சாமியறைத் தட்டு எல்லாம் பாருங்கோ. கிடைச்ச உடன சாவி முறுக்கிப் பாக்க வேண்டாம், கன வருசம் கிடந்ததில எண்ணெய் காஞ்சு பிசினாப் போயிருக்கும், அப்பிடியே ஓட விட்டா பல்லுச் சக்கரத்தின்ர முனைகள் தேஞ்சுபோம். துடைக்கவும் வேண்டாம். முதல்ல போனால நாலு பக்கமும் படம் எடுங்கோ.

பிறகு வீட்டில வயசான ஆக்களோட இருந்து கதையுங்கோ. ஆர் வாங்கினது, எங்க, என்னத்துக்கு. நான் எல்லாரிட்டயும் கேக்கிற ஒரு கேள்வி இருக்கு: "இந்த மணிக்கூடு பழைய நேரத்தில ஓடினதோ, புதிய நேரத்தில ஓடினதோ?" 1996ல அரசாங்கம் நேரத்தை முதல்ல ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அதே வருசம் ஐப்பசியில அரை மணித்தியாலம் திருப்பிக் குறைச்சது. அப்ப புலியளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னி அந்த மாற்றத்தை எடுக்கேல்லை. 2006 சித்திரையில கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பி வரும்வரைக்கும் ரெண்டு பக்கத்துக்கும் அரை மணித்தியால வித்தியாசம். 2002ல ஏ9 றோட்டு திறந்த பிறகு ரெண்டு பக்கத்துக்கும் எல்லையா இருந்த ஓமந்தையைத் தாண்டிக் கொழும்புப் பக்கம் போகேக்க முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பினதை எங்கட பெரியப்பா இப்பவும் கையால செய்து காட்டுவார். இதை நீங்கள் கேட்டு எழுதாட்டி வேற ஒருத்தரும் எழுதப்போறதில்லை.

படி 2: ஒரு வகையில நில்லுங்கோ

கண்டதெல்லாம் வாங்கினா ஒண்டையும் படிக்கேலாது. புதுசா வாற ஆக்களுக்கு நான் சொல்லுறது சீக்கோ 5. 1963ல வந்தது, ஓட்டோமற்றிக், கிழமையும் திகதியும் ஒரே யன்னலுக்குள்ள, சாவிக்குமிழ் 4 மணிப் பக்கம் உள்ளுக்குப் பதுங்கி இருக்கும். திருத்தத் தெரிஞ்ச ஆக்களும் இருக்கினம், பாட்ஸும் எடுக்கலாம். இந்தியாவில இருந்து வந்த எச்எம்டியும் நல்ல தொடக்கம், சிற்றிசன் கொம்பனியோட சேர்ந்து 1961ல பெங்களூர்ல செய்யத் தொடங்கினது, ஜனதா மொடல் ஒவ்வொரு நாளும் கையால சாவி குடுக்கோணும். மத்திய கிழக்கில வேலை செய்து வந்த ஆக்களின்ர வீட்டில ராடோ கிடக்கும், பழைய ராடோவில டயல்ல ஒரு சின்ன நங்கூரம் இருக்கும், மணிக்கூட்டைச் சரிச்சா அது ஆடோணும், ஆடாட்டி சேவிஸ் கேக்குது எண்டு எடுங்கோ.

படி 3: பின்மூடியை வாசியுங்கோ

சீக்கோவின்ர பின்மூடியில ரெண்டு இலக்கம் இருக்கும். நடுவில சின்னக் கோடு போட்டது ஒண்டு, அதின்ர முதல் நாலு எண் உள்ளுக்குள்ள இருக்கிற மெஷின், உதாரணத்துக்கு 6119 அல்லது 7009. மற்றது ஆறு இலக்கத் தொடர் எண். அதில முதலாவது எண் வருசத்தின்ர கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம் (ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் மார்கழிக்கும் எண்ணுக்குப் பதிலா ஆங்கில எழுத்து வரும்). என்ர மணிக்கூடு 17 எண்டு தொடங்குது, மெஷின் 6119, அது எழுபதுகளில செய்த மெஷின், அப்ப 1971 யூலை. மெஷின் எந்தக் காலம் எண்டு தெரியாம வருசம் சொன்னா பத்து வருசம் பிழைக்கும்.

படி 4: டயல், இதிலதான் எல்லாம்

நான் தொடங்கேக்க ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை. எங்கட மாமா ஒருத்தரின்ர மணிக்கூடு, மஞ்சள் பிடிச்ச வெள்ளை டயல், 6 மணிப் பக்கம் ஒரு சின்னப் பொட்டு. வடிவாச் செய்து குடுப்பம் எண்டு ஒரு கடையில குடுத்தன். திரும்பி வரேக்க பளபளவெண்டு புது டயல் மாதிரி, பெயின்ற் அடிச்சு எழுத்தெல்லாம் திருப்பி அச்சடிச்சு, கேஸை (வெளிக்கூட்டை) பொலிஷ் பண்ணி விளிம்பெல்லாம் மழுங்கிப்போச்சு. மாமி கையில வாங்கிப் பாத்திட்டு, "இது அவற்ற இல்லையே தம்பி" எண்டா. மெஷின் அவற்றதான், கேஸ் அவற்றதான், ஆனா முகம் போட்டுது. அதைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இல்லை. அதுக்குப் பிறகு எந்தக் கடையில குடுத்தாலும் ஒரு துண்டில "டயலில கை வைக்க வேண்டாம், கேஸ் பொலிஷ் வேண்டாம்" எண்டு எழுதிச் சேர்த்துத்தான் குடுக்கிறன், நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ.

வாங்கேக்கயும் இதே கண்ணால பாக்கோணும். ஒரு பூதக்கண்ணாடி எடுத்து எழுத்தைப் பாருங்கோ, மூலடயல்ல எழுத்தின்ர கரை கத்தியால வெட்டின மாதிரி இருக்கும், திருப்பி அடிச்சதில மை பரவி இருக்கும், நிமிசக் கோடுகள் ஒண்டுக்கொண்டு இடைவெளி பிசகும், முள்ளு 12ல நிக்கேக்க கோட்டுக்கு நேர நிக்காது. சீக்கோவில டயலின்ர அடியில, 6 மணிக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னனா இலக்கம் அச்சடிச்சிருக்கும், அது பின்மூடியில இருக்கிற மெஷின் இலக்கத்தோட பொருந்தோணும். எச்எம்டியின்ர பைலற் மொடல் கறுப்பு டயலுக்குப் பேர்போனது. அதைச் செம்மஞ்சளிலயும் ஊதாவிலயும் இணையத்தில கண்டா பெயின்ற் அடிச்சதெண்டு நினைச்சு விலகுங்கோ. மஞ்சள் பிடிச்சிருந்தாலும் பொட்டு விழுந்திருந்தாலும் மூலடயல் எண்டா அதைத்தான் நான் எடுப்பன்.

இன்னொண்டு, இது பகிடி இல்லை. அறுபதுகளுக்கு முந்தின மணிக்கூடுகளில இருட்டில ஒளிர றேடியம் பூசினவை. இப்ப ஒளிராது, ஒளிருற மருந்துதான் செத்தது, றேடியம் அப்பிடியே இருக்கும், அது பாதியாக் குறையவே 1600 வருசம் எடுக்கும். முள்ளிலயும் எண்ணிலயும் மண்ணிறமாக் கருகின பூச்சு இருந்தா அந்த மணிக்கூட்டை வீட்டில திறக்காதேங்கோ, அந்தத் தூள் மூக்குக்குள்ளயும் வாய்க்குள்ளயும் போகக்கூடாது, பிள்ளையளின்ர கையில குடுக்கவும் கூடாது.

படி 5: ஓட விட்டுப் பாருங்கோ

சேவிஸ் செய்த பிறகு, அல்லது விக்கிறவர் ஓடுது எண்டு சொன்னா, காதில வைச்சுக் கேளுங்கோ. எச்எம்டி ஜனதா செக்கனுக்கு 5 தரம் அடிக்கும், 7009 மெஷின் 6 தரம். ஒரே சீரா வரோணும், நொண்டக்கூடாது. ஒரு நாள் முழுக்க ஓட விட்டு போன் நேரத்தோட ஒத்துப் பாருங்கோ, ஐம்பது வருச மணிக்கூடு ஒரு நாளில அரை நிமிசம் பிந்தினா முந்தினா அதைக் குறை சொல்லேலாது. திடீரெண்டு நிமிசக்கணக்கில முந்தத் தொடங்கினா காந்தம் ஏறியிருக்கும், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில வைச்சிருப்பியள், காந்தம் எடுக்கிற சின்ன மெஷின் திருத்திற ஆக்களிட்ட இருக்கும், ஒரு நிமிச வேலை.

திகதி மாத்திறதை இரவு 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில செய்யாதேங்கோ. அந்த நேரம் பல்லுகள் கொழுவி நிக்கும், அமத்தினா உடையும். முதல்ல முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்திட்டு மாத்துங்கோ.

படி 6: திருத்திற ஆளைத் தேடுறது

சந்தையிலயோ பஸ் ஸ்ராண்ட் பக்கத்திலயோ கண்ணாடிப் பெட்டி வைச்சுக்கொண்டு ஒற்றைக் கண்ணில லென்ஸோட இருக்கிற வயசான ஒருத்தரை விசாரிச்சுப் பிடியுங்கோ. முதல் நாள் உங்கட நல்ல மணிக்கூட்டைக் குடுக்காதேங்கோ. முழுக்கக் கழட்டிக் கழுவி எண்ணெய் விடுவியளோ, இல்லாட்டி மூடியைத் திறந்து எண்ணெய் மட்டும் சொட்டுவியளோ எண்டு கேளுங்கோ, ரெண்டாவது மறுமொழி வந்தா கும்பிட்டிட்டு வந்திடுங்கோ. மாத்தின பழைய பாட்ஸைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ. நாலைஞ்சு வருசத்துக்கு ஒருக்கா சேவிஸ் காணும்.

படி 7: எங்கட வெயிலும் மாரியும்

பழைய மணிக்கூட்டில தண்ணிக்குத் தாங்கும் எண்டு எழுதியிருந்தாலும் நம்பாதேங்கோ, உள்ளுக்க இருக்கிற ரப்பர் வளையம் எப்பவோ காஞ்சு செத்திருக்கும். கிணத்தடிக்குப் போகேக்க, முல்லைத்தீவுக் கடலுக்கு, இரணைமடுவுக்குப் போகேக்க கழட்டி வையுங்கோ. கண்ணாடிக்குள்ள புகார் மாதிரிப் படிஞ்சா வெயிலில வைக்காம அண்டைக்கே திருத்திறவரிட்ட கொண்டுபோங்கோ. கார்த்திகை மார்கழியில ஈரம் கூட, மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள, புதுச் சப்பாத்துப் பெட்டியில வாற சிலிக்காப் பக்கற் போட்டு வைக்கலாம், அரிசிக்குள்ள புதைக்காதேங்கோ, தவிட்டுத் தூள் உள்ளுக்குப் போம். வேர்வைக்கு லெதர் பட்டி ஒரு கோடைக்கே ஊத்தையாப் போடும், நைலோன் பட்டி நல்லது. பிளாஸ்டிக் கண்ணாடியில சின்னக் கீறல் எண்டா பற்பசையை மெல்லிய சீலையில தொட்டு அஞ்சு நிமிசம் தேய்ச்சா தெளிஞ்சுபோம்.

படி 8: றோலெக்ஸ், ஒமேகா ஆசை

ஆசைப்படலாம். ஆனா ரெண்டு மூண்டு வருசம் மலிவான மணிக்கூட்டில கண்ணைப் பழக்கிப்போட்டு வாங்கோ. இஞ்ச கை மாறிக் கை மாறி வாற றோலெக்ஸில போலிதான் கூட. செக்கன் முள்ளு டக் டக்கெண்டு செக்கனுக்கு ஒருக்காத் துள்ளினா, பழைய மொடலுக்குப் பின்பக்கம் கண்ணாடி மூடி போட்டிருந்தா, திகதிக்கு மேல இருக்கிற லென்ஸில எண் பெருசாத் தெரியாட்டி, அதோட விடுங்கோ. சுவிசில இருக்கிற சொந்தக்காரரிட்ட உதவி கேக்கிறது நல்ல வழி, ஒமேகா 1880ல இருந்து பீல் நகரத்திலதான் இருக்கு, அங்க எங்கட ஆக்களும் கனபேர். பழசு விக்கிற பதிஞ்ச கடையில, ரசீதும் பத்திரமும் தொடர் எண்ணும் பொருந்திறதைப் பாத்து வாங்கித் தரச் சொல்லுங்கோ.

2017 ஐப்பசியில நியூயோர்க்கில நடிகர் போல் நியூமன்ர றோலெக்ஸ் டேற்றோனா 1 கோடி 77 லட்சம் டொலருக்கு மேல ஏலம் போனது. அதே மாதிரி மொடல் வேற ஆக்களிட்டயும் இருக்கு, அந்த விலை இல்லை. அவற்ற மனிசி வாங்கிக் குடுத்தது, பின்மூடியில கவனமாக் கார் ஓடச் சொல்லி எழுதி வெட்டினது, அந்த எழுத்து அழியாம இருந்தது.

படி 9: ஒரு கொப்பி

ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் ஒரு பக்கம். இலக்கம், வருசம், ஆரிட்ட இருந்து வந்தது, எப்ப சேவிஸ், என்ன மாத்தினது. என்ர முதலாவது பக்கத்தில இப்பிடி இருக்கு:

"சீக்கோ 5, 6119, 1971 யூலை. பெரியப்பா கட்டினது. 1996ல நேரம் மாத்தேல்லை. ஓமந்தையில போகேக்க முன்னுக்கு, வரேக்க பின்னுக்கு. 2009ல சாரத்து முடிச்சுக்குள்ள வந்தது. கண்ணாடி மாத்தினது, டயல் மாத்தேல்லை. 11 மணிப் பக்கக் கீறல் அப்பிடியே இருக்கட்டும் எண்டு சொன்னவர்."

மாமான்ர மணிக்கூட்டுக்கும் பக்கம் இருக்கு. டயல் திருப்பி அடிச்சது எண்டு அதிலயும் எழுதித்தான் வைச்சிருக்கிறன்.