பைதானில் ஒரு இணையதளத்துக்குள் தானாக லாகின் செய்ய

முதலில் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு கையாலேயே ஒருமுறை லாகின் செய்யுங்கள். தளத்துக்குத் தகவலை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் எந்தெந்தப் பெயரில் என்னென்ன போகிறது என்று தெரிந்துவிடும். பாஸ்வேர்டோடு பெரும்பாலும் மறைவாக ஒரு சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (கோரிக்கை தன் பக்கத்திலிருந்தே வருகிறதா என்று பார்க்கத் தளம் தரும் ரகசியக் குறியீடு) போகும். பலர் முட்டி நிற்பது அங்கேதான். தளங்களோடு பேச உதவும் ரெக்வெஸ்ட்ஸ் என்ற பைதான் நூலகத்தில் ஒரு செஷன் (குக்கீகளை நினைவில் வைத்திருக்கும் இணைப்பு) உருவாக்கி, லாகின் பக்கத்தை கெட் செய்து, அதாவது வரவழைத்து, பக்கத்திலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்கும் பியூட்டிஃபுல் சூப் நூலகத்தால் டோக்கனை எடுத்து, அதே செஷனில் போஸ்ட் செய்யுங்கள். செஷன் மாறினால் குக்கீ போய்விடும், டோக்கனும் செல்லாது.

பதிலில் 200 (கோரிக்கை சரி என்ற குறியீடு) வந்ததே என்று நம்பிவிடாதீர்கள். தப்பான பாஸ்வேர்டுக்கும் பல தளங்கள் 200தான் தரும். வந்த பக்கத்தில் 'லாக் அவுட்' இருக்கிறதா என்று தேடுவது என் வழக்கம்.

ஜாவாஸ்கிரிப்டால் இயங்கும் படிவம் என்றால், பிரவுசரையே புரோகிராமால் இயக்கும் செலினியத்தைப் பயன்படுத்துங்கள். கேப்ட்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர்) வந்தால் நான் விட்டுவிடுவேன். வராதே என்று தளமே சொல்கிறதே! அப்புறம், பாஸ்வேர்டை புரோகிராம் கோடுக்குள் எழுதாமல், அதற்கு வெளியே கணினி அமைப்பில் இருக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்.