கணக்குக் கொப்பி இருக்கும் கடைக்குப் போங்கள்

இலங்கையின் மலையகத்துக்கு வருகிற உறவினர்கள் ரயிலை விட்டு இறங்குமுன்பே கேட்கிற கேள்வி, "எந்தக் கடையில் சாப்பிடலாம்?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சமையல்காரர் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்தப் பெயரால் பயன் இல்லை. அதனால் பெயருக்குப் பதிலாக, நல்ல கடையை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். ஆசிரிய ஆலோசகராக ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, இராகலை என்று பாடசாலை பாடசாலையாகப் போய்வந்தவள் நான். மதியச் சாப்பாடு பெரும்பாலும் கடையில்தான்.

கடைக்குள் நுழைந்ததும் காசு வாங்குகிற மேசையைப் பாருங்கள். ஓரம் மடிந்து, அட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த கணக்குக் கொப்பி ஒன்று அங்கே கிடக்கிறதா? கிடந்தால் தயங்காமல் உட்காருங்கள். தோட்டங்களில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. அதுவரை பலருக்குத் தேநீரும் ரொட்டியும் கொப்பியில்தான் ஏறும். கடன் கொடுக்கிற கடைக்காரருக்கு இன்று வந்த ஆள் நாளையும் வர வேண்டும். நேற்றைய கறியைச் சூடாக்கி வைத்தால் ஆளும் வராது, கடனும் திரும்பாது. ஒரே ஒரு தடவை வந்து போகிறவரை நம்பி நடக்கும் கடைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கடையின் அழகு, பலகையின் பெரிய எழுத்து, தொலைபேசியில் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் விட இந்தக் கொப்பியை நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்ட கடை பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இருப்பது குறைவு. நம் ஊர்கள் சரிவில் கட்டியவை. பிரதான வீதியிலிருந்து பார்த்தால் ஒரு மாடியாகத் தெரியும் கட்டடத்துக்குப் பின்பக்கம் இரண்டு மாடி இருக்கும். வீதி மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஒடுங்கிய படிகளைக் கண்டால் இறங்கிப் பாருங்கள். வாடகை குறைவான அந்தக் கீழ்த்தட்டில்தான் காலை இடியப்பமும் சொதியும், கட்டைச் சம்பலோடு தேங்காய் ரொட்டியும் கிடைக்கும்.

வழி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "நல்ல கடை எங்கே?" என்று கேட்டால், வெளியூர் ஆளுக்கு ஏற்றது என்று அவர்கள் நினைக்கும் கடைக்குத்தான் அனுப்புவார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுபவரிடம், "அண்ணே, வீட்டுப் பிள்ளைகளுக்கு வடை வாங்குவதென்றால் எந்தக் கடையில் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் முகமே மாறும். யோசித்துப் பதில் சொல்வார். அவரை விடவும் நல்ல வழிகாட்டி தையல்காரர். தையல் இயந்திரத்தைத் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் வீதியைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் அவர். எந்தக் கடைக்குக் காலையில் புது மீன் வந்தது, எந்தக் கடையில் சாப்பாடு ஒரு மணிக்கே முடிந்துவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சில கடைகளில் உணவு சுவையாக இருக்கும், ஆனால் உள்ளே ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பார்கள். நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பும். அங்கே பசியோடு உட்கார வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகளோடு வந்த தோட்டத்து அக்காமார் உட்கார்ந்திருக்கும் கடையைத் தேடுங்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தால் அங்கே தண்ணீரும் சுத்தமாக இருக்கும், கை கழுவும் இடமும் ஒழுங்காக இருக்கும், அதட்டிப் பேசும் பரிமாறுபவரும் இருக்க மாட்டார். இது நான் மிகவும் பொருட்படுத்தும் விஷயம். ஒரு கடை நல்ல கடையா என்பதில் அங்கே யார் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்பதும் சேர்த்தி.

கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பனிஸ் கொண்டுவந்து வைத்தால் பதற வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு. மீதி அடுத்த மேசைக்குப் போகும். அதனாலேயே, "இப்போது பொரித்தது இருந்தால் தாருங்கள்" என்று கேட்பது நல்லது. வடை சூடாகக் கிடைப்பது பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணியை ஒட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்கு முன் போய்விடுங்கள்.

எல்ல நகரின் பிரதான வீதியில் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான கடைகள். அங்கே தங்குங்கள், மலையைப் பாருங்கள். சாப்பிட ரயில் ஏறி அரை மணி நேரத்தில் பண்டாரவளைக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே சந்தையும் உண்டு. சந்தைக்கு மரக்கறி கொண்டுவருபவர்கள் எங்கே தேநீர் குடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

தேயிலை வாங்குவதற்கு அலங்காரப் பெட்டிக் கடை வேண்டாம். உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் கடையில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று, பெரிய துகளிலிருந்து பொடி வரையான மூன்று தரங்களையும் உள்ளங்கையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாலூற்றிக் குடிப்பவருக்கு டஸ்ட் பொருந்தும். பால் இல்லாமல் குடிப்பவர் பி.ஓ.பி. எடுக்கலாம். எந்தத் தோட்டம், எந்த மாதம் என்றும் கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர் அடிக்கும்போது வாசனை கூடுகிறது. பண்டாரவளை அடங்கும் ஊவாவில் தென்மேல் பருவக் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காலம். இதைக் கேட்டதும் கண் மலர்ந்து பேசத் தொடங்கும் கடைக்காரரிடம் வாங்குங்கள். முதலில் நூறு கிராம் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தவை தோட்டச் சாமான் கடைகள். கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கம்பளி எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். பயணிகள் யாரும் நுழைவதில்லை. நுழைந்து பாருங்கள். இந்த மலையில் கை எப்படி வேலை செய்கிறது என்பது அங்கே தெரியும். ஆனால் விளையாட்டுப் பொருளாக எடுத்துத் தோளில் மாட்டிப் படம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் அம்மா அதை நாளைக் காலை வேலைக்காக வாங்க வந்திருப்பார்.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுநிலா நாளான போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். சம்பள வாரத்தில் பஜார் நிரம்பி வழியும். உணவு புதிதாக இருக்கும், கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது. ஏப்ரலில் நுவரெலியாவிலும், டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் நிறையும் மஸ்கெலியாப் பக்கத்திலும் தற்காலிகக் கடைகள் முளைக்கும். அங்கே கொப்பியைத் தேடிப் பயனில்லை. விலையை முதலில் கேட்டுவிட்டு, கண்ணெதிரே சுடும் ரொட்டியை மட்டும் வாங்குங்கள்.