நம்ம ஊர் வெயிலும் தோல் ஸ்ட்ராப்பும்: குறைந்த விலை வாட்ச் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

வாட்ச் சேர்க்கத் தொடங்கும் எல்லாரும் முதலில் டயலைத்தான் பார்க்கிறார்கள். தப்பில்லை, அதன் அழகுக்குத்தானே வாங்குகிறோம். ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வாட்சுகளைச் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து நான் பார்த்த வரைக்கும் பணம் வீணாவது டயலில் இல்லை, வாட்ச் கையில் உட்காரும் இடத்தில்தான். அதாவது ஸ்ட்ராப், அதைப் பிடித்திருக்கும் பின், நம்முடைய வியர்வை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அளக்காமல் ஸ்ட்ராப் வாங்குவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். வாட்சின் மேலும் கீழும் இரண்டிரண்டு கொம்பு நீண்டிருக்குமே, அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் கணக்கு. வாட்ச் பெரியதா சிறியதா என்பதை வைத்து அதை ஊகிக்க முடியாது. பழைய எச்எம்டிகளில் பெரும்பாலும் 18 மி.மீ. வரும், மற்றவற்றில் 20, 22 என்று போகும், நடுவில் 19, 21 என்று ஒற்றைப்படையும் உண்டு, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். 19-இல் 20-ஐத் திணித்தால் ஓரம் கசங்கும், 20-இல் 18-ஐ மாட்டினால் ஸ்ட்ராப் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்கூல் ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்ப்பது போதாது, துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் வேண்டும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதுக்கெல்லாம் கவலையே இல்லை, பக்கத்து லேத் பட்டறையில் கேட்டால் அரை நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது அந்தப் பின். ஸ்ட்ராப்பைக் கொம்போடு கோத்து வைத்திருக்கும், இரண்டு முனையிலும் ஸ்பிரிங் வைத்த சின்னக் கம்பி. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோபி பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தோடு ஏறும்போது மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், வாட்ச் கழன்று படியில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. ஸ்ட்ராப் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, புதுத் தோல், தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. மாட்டிக் கொடுத்த கடையில் பழைய பின்னையே போட்டிருந்தார்கள். ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைக் குறடால் எடுத்து வெள்ளைத் தாளின் மேல் தட்டினார், மிளகாய்த்தூள் மாதிரி துரு உதிர்ந்தது. ஒரு முனை உள்ளே அமுங்கியது அமுங்கியதுதான், வெளியே வரவில்லை. "ஏனுங் தம்பி, மாட்டுக்குக் கயிறு மட்டும் புதுசா வாங்கிக் கட்டுனாப் போதுமுங்களா, முளைக்குச்சி உளுத்துக் கெடந்தா?" என்றார். அன்றிலிருந்து ஸ்ட்ராப் மாற்றும்போதெல்லாம் பின்னையும் மாற்றிவிடுகிறேன், விலை சில ரூபாய்தான். கழற்றுவதற்குக் கத்தி முனையையோ ஊக்கையோ வைத்து நெம்பாதீர்கள், வாட்சின் உலோகக் கூடான கேஸின் ஓரம் கீறிவிடும். கொம்பின் மேல் செலோ டேப் ஒட்டிவிட்டு, அதற்கென்று விற்கும் கருவியால் அமுக்குங்கள்.

சரி, தோலுக்கு வருவோம். பின்பக்கம் 'ஜெனுயின் லெதர்' என்று அச்சடித்திருந்தால் நல்ல தோல் என்று நம்பிவிடுகிறோம். தோலின் மேல்பரப்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடிப்பகுதிக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசி விற்பதுக்கும் அந்தப் பெயர்தான். ரெக்சினையும் தோல் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்துப் பயனில்லை, ஓரத்தையும் ஓட்டையையும் பாருங்கள். உள்ளே நார் நாராகத் தெரிந்தால் தோல், துணி அடுக்குத் தெரிந்தால் ரெக்சின். பூச்சுத்தோல் கொக்கி அருகே மடியும் இடத்தில் சில மாதத்திலேயே செதில் செதிலாக உரியும்.

பதனிடும் முறையையும் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்து ஈரோட்டிலேயே தோல் பதனிடும் தொழில் பழையது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் ஊறவைத்துப் பதனிடுவது தமிழ்நாட்டின் பாரம்பரிய முறை. இப்படி வரும் தோல் முதலில் விறைப்பாக இருக்கும், போடப் போடக் கையின் வளைவுக்கு இறங்கி நிறமும் ஆழமாகும். எனக்கு இதுதான் பிடிக்கும். குரோமிய உப்பில் பதனிட்டது முதல் நாளே மெத்தென்றிருக்கும், தண்ணீரையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

எந்தத் தோலானாலும் நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஒரே ஸ்ட்ராப்பைத் தினமும் கட்டினால் வீணாகத்தான் போகும். வியர்வையில் உள்ள உப்பு உள்பக்கத் தோலுக்குள் இறங்கி, அது காய்ந்து வெடிக்கும், நாற்றமும் வரும். ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள். சாயங்காலம் கழற்றியதும் உலர்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து ஃபேன் காற்றில் வையுங்கள், மொட்டைமாடி வெயிலில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும் என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு நாள் பளபளக்கும், அப்புறம் திட்டுத்திட்டாகக் கறுத்து, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பொள்ளாச்சிப் பக்கம் மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கோடை முழுக்க நைலான் ஸ்ட்ராப்புக்கு மாறிவிட்டு ஆடிக்காற்று வந்ததும் தோலுக்குத் திரும்புவதுதான் நான் செய்வது. இறுக்கிக் கட்டுவதையும் விடுங்கள், வெயிலில் கை கொஞ்சம் வீங்கும், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கட்டும்.

தடிமனையும் பார்க்க வேண்டும். எச்எம்டி ஜனதா மாதிரி மெலிந்த வாட்சுக்கு 4 மி.மீ. பருத்த ஸ்ட்ராப் போட்டால் வாட்ச் அதற்குள் காணாமல் போய்விடும், 2 மி.மீ. போதும்.

ஜனதா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது எச்எம்டி. 2016-இல் எச்எம்டியின் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்த பிறகு பழசுக்குக் கிராக்கி ஏற, டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து, கிடைத்த முள்ளையெல்லாம் போட்டு விற்பது பெருகிவிட்டது. சேர்ப்பவர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல், கலங்கிய எழுத்து, கோடுகளின் ஓரத்தில் வழிந்த பெயின்ட் இதில் ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். டயல் கொஞ்சம் மங்கியிருந்தாலும் கம்பெனி போட்டதாக இருந்தால் அதை வாங்குங்கள். உங்கள் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய வாட்ச் வீட்டில் கிடந்தால் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள், கேஸின் முனைகள் மழுங்கினால் பழையபடி வராது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கொடிவேரியில் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள். தேதி காட்டும் மெக்கானிக்கல் வாட்சில் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையே தேதியைத் திருப்பாதீர்கள், தேதியை மாற்றும் பற்சக்கரம் அப்போது மாட்டியிருக்கும், பல் உடைய வாய்ப்புண்டு. ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில்லில் காந்தம் ஏறி வாட்ச் வேகமாக ஓடும். குவார்ட்ஸ் வாட்சுகள் நின்றுபோனால் பேட்டரியோடு டிராயரில் போட்டு வைக்காதீர்கள், செத்த பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். அடுத்த வாட்சைத் தேடும் முன்னால், அந்த டிராயரைத் திறந்து பழைய பேட்டரியையெல்லாம் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.