ஒற்றைக் கைக்கு ஒற்றை லீவர்

சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை ஒரு கையால்தான் ஓட்ட முடியுமென்றால், இரண்டு பிரேக் கேபிளைச் சேர்த்து இழுக்கும் ஒற்றை லீவரை நல்ல கைப் பக்கம் மாட்டுங்கள்.

முன்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் இடது லீவர் இடது சக்கரத்துக்கு, வலது லீவர் வலதுக்கு. ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் வைப்பதை நான் நம்பமாட்டேன். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் வழுக்கிவிடும்.

மாட்டியதும் ஓட்டக் கிளம்பாதீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே லீவரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால், அந்தக் கேபிளின் அட்ஜஸ்டரை (கேபிளின் இறுக்கத்தை மாற்றும் திருகு) அரைச் சுற்று உள்ளே திருகினால் பிடி தளரும். பூட்டுப் பொத்தான் உள்ள லீவராகப் பார்த்து வாங்கினால், ஏறி இறங்கும்போது வண்டி உருளாது.

கேபிள் இல்லாமல் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு இது பொருந்தாது. கேபிள் பிரேக்கிலும், வி-பிரேக் (சக்கர விளிம்பை இரண்டு நீளக் கைகளால் நெருக்கும் பிரேக்) லீவர் இழுக்கும் கேபிள் நீளம் வேறு, ரோடு சைக்கிள் லீவருடையது வேறு. உங்கள் பிரேக்குக்கு எது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரேக்கின் பளுவும் ஒரே கையில் விழுவதால், விரல் பிடி தளர்ந்தவர்களுக்கும் சரிவராது.