வெபர் சொல்லாததை வெபர் தலையில் கட்டாதீர்கள்

பினாங்கு லெபோ பாசாரில், ஒரு துணிக்கடையின் மாடியில், மாதம் ஒருமுறை சிலர் கூடி அரசியல் தத்துவம் படிக்கிறோம். புதிதாக வருகிறவர் முதல் நாளே அடித்துச் சொல்வார்: “அரசு என்றால் வன்முறையின் ஏகபோகம். மாக்ஸ் வெபரே சொல்லியிருக்கிறார், ஐயா.”

ஜெர்மானியச் சமூகவியலாளரான வெபர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நிலப்பரப்புக்குள், நியாயமென்று ஏற்கப்பட்ட வன்முறைக்குத் தனியுரிமை கோரி, அதில் வெற்றியும் காண்கிற மனிதச் சமூகமே அரசு என்பதுதான் 1919இல் மியூனிக்கில் அவர் ஆற்றிய உரையில் இருக்கிறது. நியாயம், கோருதல், வெற்றி ஆகிய மூன்றையும் உதிர்த்துவிட்டால், மிஞ்சும் இலக்கணம் ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரர் அனுப்பும் அடியாட்களுக்கும் பொருந்தும்.

தமிழில் இன்னொரு சறுக்கலும் உண்டு. ‘நியாயமென்று ஏற்கப்பட்ட’ என்பதைச் ‘சட்டபூர்வமான’ என்று பெயர்த்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். வெபர் கணக்கில் அந்த ஏற்பு வரும் மூன்று வழிகளில் சட்டம் ஒன்று மட்டுமே. மரபும், தலைவர்மீது மக்கள் கொள்ளும் பக்தியும் மற்ற இரண்டு.

‘வெற்றி’ என்ற சொல்லுக்கு உரை வேண்டுமானால், மாடியிலிருந்து இறங்கி லெபோ கேனன் வரை நடந்தால் போதும். கலவரத்தை அடக்கச் சுட்ட பீரங்கியால் வந்த பெயர் என்பார்கள். 1867 ஏப்ரலில் பினாங்கு பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கீ ஹின், துவா பெக் கோங் என்ற சீன ரகசியச் சங்கங்கள், வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற முஸ்லிம் சங்கங்களின் துணையோடு, ஜார்ஜ் டவுன் தெருக்களில் சுமார் பத்து நாள் மோதிக்கொண்டன. உரிமை கோரியது லண்டன். தெருவில் செல்லுபடியானது சங்கங்களின் சொல். அவற்றை அடியோடு தடைசெய்ய 1890 ஆகிவிட்டது.

வலிமையான அரசு வேண்டும் என்ற ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸைக் கொடுங்கோன்மையின் வக்கீலாக்குவது அடுத்த அவசரம். கொல்ல வருகிறவனை, அவன் அரசன் ஆளாகவே இருந்தாலும், எதிர்க்கும் உரிமையை 1651இலேயே அவர் குடிமகனிடம் விட்டுவைத்தார்.

அதிகாரமும் வன்முறையும் ஒரே சரக்கு என்று நினைப்பவர்கள் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டைப் படிக்க வேண்டும். மக்கள் கூடிச் செயல்படுவதில் பிறப்பது அதிகாரம். அது நழுவும்போதுதான் ஆட்சியாளர் கை துப்பாக்கியைத் தேடுகிறது என்பது அவர் வாதம். உடனே, மன்னனுக்கு வெற்றி தருவது வேல் அன்று, வளையாத செங்கோலே என்னும் ‘வேலன்று வென்றி தருவது’ குறளை இழுத்துவந்து, வள்ளுவரும் இதையேதான் சொன்னார் என்பது எங்கள் வட்டத்தின் செல்லத் தவறு. வள்ளுவர் பார்ப்பது கோல் வளைந்ததா என்பதை. மன்னன் நேர்மையாக இருந்தும் மக்கள் விலகிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தக் குறளில் எழவே இல்லை.